வாசலில் நுழையாத மேசை

இன்று புதூர்நாட்டில் ஜீப்பை விட்டு இறங்கியதும் பொன்னுசாமி கடையில் டீ குடித்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மிஷன் விடுதியில் அவனும் நானும் தச்சு வேலை பழகினோம். "ஜெபம் பண்ணிட்டு அளவெடுங்க" என்பார் பாஸ்டர். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு மேசை செய்து வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

குனிந்து நுழைய வேண்டிய அவன் வீட்டு வாசலில் மேசை நுழையவில்லை. வெளியிலேயே போட்டு டீ விற்கத் தொடங்கினான். பார்க்க வந்த பாஸ்டர் திட்டவில்லை. இரண்டு பெஞ்சுக்கு மரம் அனுப்பினார். அவன் தங்கைகள் இருவரும் அந்த வருமானத்தில்தான் படித்தார்கள்.

"மேசைய அளந்தியே, வூட்டு வாசல அளக்கலியா?" என்று இன்று கேட்டேன்.

"அளந்திருந்தா இன்னும் கூலிக்கு சாமை அறுத்துக்கினு இருப்பேன்" என்றான்.

நான் வாசலையும் அளந்தவன். என் மேசை சரியாக உள்ளே போனது. இன்றுவரை அதன்மேல் துணிமூட்டைதான் கிடக்கிறது.

உங்கள் வீட்டு மேசையில் என்ன இருக்கிறது?