பாதியில் நிற்கும் ரவுண்டு

செப்டம்பர் மாதப் புழுக்கத்தில் கழுத்தைச் சுற்றிக் கம்பளி மஃப்ளரோடு நான் லிஃப்டில் இறங்கினால், எங்கள் நியூ டவுன் குடியிருப்பில் சிரிக்காதவர்கள் குறைவு. "மதராஸ்காரிக்கு அதுக்குள்ள குளிர் வந்தாச்சா?" என்று எல்லாருக்கும் பெரியம்மாவான நான்காம் மாடி மாஷிமா இந்தியில் கேட்டார். நவம்பர் பிறந்ததும் குரங்குக் குல்லாய்க்குள் புகுந்துகொள்ளும் வங்காளிகளை, கோவையிலிருந்து வந்த புதிதில் நானும் எவ்வளவோ கிண்டலடித்திருக்கிறேன். இப்போது அவர்கள் முறை. மஃப்ளர் குளிருக்கு அல்ல, நூலுக்கு என்று சொல்லத் தெம்பில்லாமல் சிரித்துவைத்தேன்.

மழை ஓயும் இந்தச் சமயத்தில்தான் இங்கே சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் புது வருஷம் பிறக்கிறது. பேஸ்மென்ட் ஈரத்தில் நான்கு மாதம் கிடந்த வண்டியை வெளியே எடுத்து, செயின் துருவைத் தேய்த்து, பிரேக் கட்டை மாற்றி, மார்ச் வரை ஓடத் தயார் செய்ய வேண்டும். மாற்றலாகி வந்த வருஷமே இந்தப் பித்தை எனக்கு ஒட்டவைத்தவர் எதிர் ஃபிளாட் மிட்டுதி. பள்ளி ஆசிரியை. பெயரோடு ஒட்டியிருக்கும் அந்த 'தி' நம் அக்காதான். நந்தினி என்ற என் பெயர் அவர் வாயில் நொந்தினி ஆகிவிடும். நாங்கள் பேசுவது பாதி இந்தி, பாதி ஆங்கிலம். எனக்குள் என்னவோ அது தமிழாகத்தான் கேட்கும். ஞாயிறு காலைகளில் அவர் முன்னால், நான் பின்னால். மூன்று குளிர்காலம் அப்படிப் போனது.

போன வருஷம் விஸ்வகர்மா பூஜை அன்று, கேட்டுக்கு வெளியே சைக்கிள் ரிப்பேர் செய்யும் நிமாய்தா, ஸ்பேனர், பம்ப் எல்லாவற்றையும் கழுவி அடுக்கிப் பூப் போட்டிருந்தார். பார்த்ததும் அப்பாவின் லேத் பட்டறை ஆயுத பூஜை கண்முன் வந்துவிட்டது. பொரிகடலை, சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பழத்தை நசுக்கி ஒரு ரவுண்டு போய் வந்தால்தான் வண்டிக்குத் திருஷ்டி கழியும். இரண்டு பூஜையும் ஒன்றுதானே என்று நினைத்தேன். எங்கள் இருவர் வண்டிக்கும் பொட்டு வைத்து, பழமும் வைத்தேன்.

"இன்னிக்கு வண்டிக்கு ஓய்வு. எடுக்காதீங்க," என்ற நிமாய்தா, விரலால் மேலே காட்டினார். வானம் முழுக்கப் பட்டங்கள். ஒன்று அறுபடும்போதெல்லாம் மொட்டை மாடிகளில் 'போ காட்டா' என்று கூச்சல். பட்டத்தின் அழகைக் காட்டுகிறார் என்று எண்ணி நானும் தலையாட்டி ரசித்தேன். என்ன மடத்தனம்.

"ஒரே ஒரு ரவுண்டுங்க மிட்டுதி, கால்வாய்ப் பாலம் தாண்டித் திரும்பிரலாம். பழம் வெச்சுட்டு வண்டிய எடுக்காம விடக்கூடாது."

"சரி, உங்க ஊர் சாமிக்கு ஏன் கோவம் வர வைக்கணும்," என்று சிரித்தபடி மிட்டுதி ஏறினார்.

பாலத்து இறக்கத்தில் அவர் கழுத்தருகே கையைக் கொண்டுபோனார், ஒட்டடையை விலக்குவதுபோல. அடுத்த நொடி வண்டியோடு சாய்ந்தார். அறுந்த பட்டத்தின் மாஞ்சா நூல் விளக்குக் கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவே தொய்ந்து நின்றிருக்கிறது. என் துப்பட்டாவை அவர் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். "இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால்" என்று தொடங்கிய டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். பதினான்கு தையல். மிட்டுதி இன்றுவரை என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

இந்த வருஷம் அந்தப் பூஜையன்று நான் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. மறுநாள் பேஸ்மென்ட்டுக்குப் போனால், மிட்டுதி தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முன் டயரில் போன வருஷத்து எலுமிச்சை விதை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

"இந்த சீசன் நானும் வரேன்."

நாள் கடத்தப் பார்த்தேன். "விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிக்கலாங்க. எங்க ஊர்ல எதையும் அன்னிக்குத்தான் தொடங்குவோம்."

"தசமி அன்னிக்கு நாங்க துர்கா மாவ கங்கையில விட்டுட்டு அழுதுட்டு வருவோம். அன்னிக்குப் போய்த் தொடங்குறதா? வர்ற ஞாயித்துக்கிழமை போலாம்."

"மஃப்ளராவது கட்டிக்கோங்க."

"இந்தப் புழுக்கத்திலயா? நீயே கட்டிக்கோ."

ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டங்கள் இறங்கிவிட்டன. நூல் இறங்கவில்லை. நைலான், மழைக்கும் மக்காது. மரத்திலும் கம்பத்திலும் மாதக்கணக்கில் தொங்கும். வெயில் ஒரு பக்கமாகப் படும்போது மட்டும் மின்னும், தலையைத் திருப்பினால் காணாமல் போய்விடும்.

கேட்டருகே மிட்டுதி பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்தார். நான் வேண்டுமென்றே வாங்காமல் வந்திருந்தேன். குனிந்து சக்கரத்தடியில் வைத்தபோது, அவர் கழுத்தில் அந்த வெளிறிய கோடு வியர்வையில் பளபளத்தது.

"போன வருஷ ரவுண்டு பாதியிலயே நிக்குது நொந்தினி. முடிச்சிடலாம்."

"சரிங்க. ஆனா இன்னிக்கு நான் முன்னால."

பழங்கள் நசுங்கின. நிமாய்தா மேலே பார்த்தார். பாலம் ஏறும் வரை என் கண் சாலையில் இல்லை, கம்பங்களில்தான் இருந்தது. இறக்கத்தில் இரண்டு கையும் பிரேக்கில் இருக்க வேண்டும் என்பது பால பாடம். நான் ஒரு கையை எடுத்து முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டேன். பின்னால் அவருடைய செயின் சத்தம். எங்கள் ஊர் எலுமிச்சைச் சாறு டயரில் இன்னும் காயவில்லை. இந்த ஊர் நூல் எங்கே நிற்கிறதென்று என் விரல்கள் வெறும் காற்றைத் தடவிக்கொண்டே போயின.