பல்லடத்தில் முறிந்த போல்ட்

தொண்ணூற்று நாலு, ஆவணி மாதம். பகல் பன்னிரண்டரை மணிக்கு நானும் மனைவி தனமும் போத்தனூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். காங்கேயத்துக்கு அப்பால் அவளுடைய ஊர். எழுபது கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் அவள் தம்பிக்குக் கல்யாணம். அன்று சாயங்காலம் இணைச்சீர். மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் சேர்ந்து நிற்கும் சடங்கு; அவள் வராவிட்டால் பெரியப்பா மகளை நிறுத்திவிடுவார்கள்.

நான் தஞ்சாவூர்க்காரன், வேறு சாதி. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷமாக அவள் வீட்டில் யாரும் எங்களோடு பேசியதில்லை. இப்போது கல்யாணத்துக்குச் சொல்ல அவர்கள் அனுப்பிய ஆள், "அம்மணிய வரச் சொன்னாங்க" என்றான். என்னையும் சேர்த்துத்தானா? தனத்திடம் கேட்டால், "அதையெல்லாம் எங்கூர்ல தனியாச் சொல்ல மாட்டாங்க" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒன்றே முக்கால் மணி. பல்லடம் தாண்டும்போது பின்சக்கரத்தில் கடகடவென்று சத்தம். செயின் கழன்று விழுந்தது. சாலையோரப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பல்சக்கரத்தைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு பிணைக்கும் போல்ட்களில் ஒன்று முறிந்து, பாதி ஹப்புக்குள்ளேயே சிக்கியிருந்தது. தலையில்லாத போல்ட்டை எதைப் பிடித்துத் திருகுவது?

மெக்கானிக் சக்கரத்தின் பக்கம் திரும்பாமல் தனத்திடம் விசாரிக்க ஆரம்பித்தார். "ஏனுங்க அம்மணி, எந்தூருங்க? யாரூட்டுக்குங்க?" போல்ட்டுக்கும் ஊருக்கும் என்னய்யா சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல். அவள் ஊரைச் சொன்னாள், அப்பா பெயரைச் சொன்னாள், இணைச்சீரையும் சொன்னாள். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பறம் இங்க என்னங்க பண்றீங்க? வண்டி கெடக்கட்டும். ரெண்டு பேரும் மொதல்ல பஸ் ஏறுங்க."

காங்கேயம் பஸ் வந்து நின்றது. தனம் ஏறினாள். "நீங்க வரலீங்களா?"

"போல்ட்டை எடுத்துட்டு வந்துடறேன்."

போல்ட் ஒரு சாக்கு. அந்த வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குப் பயம். அவள் முகத்தில் இருந்தது கோபமா வருத்தமா என்று பிடிபடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

மெக்கானிக் முறிந்த துண்டின் நடுவே துளை போட்டார். டிரில் பிட் அதற்குள்ளேயே ஒடிந்தது. "ஆயிருமுங்க" என்றார். துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். ஸ்பேனர் போட்டதும் நட்டு மட்டும் கழன்று வந்தது. "ஆயிருமுங்க." ஆகும் என்கிறாரா, ஆகாது என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறாரா? கேட்டுப் பார்த்தேன். பதிலுக்கு ஒன்றரை ரூபாய் டீ ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது நட்டில் துண்டு கிரீச்சென்று அசைந்து, திருகத் திருக வெளியே வந்தது. புது போல்ட் போட்டு முடிக்கும்போது ஐந்தேகால். இனி சாக்கு இல்லை. மேற்கே போனால் போத்தனூர், கிழக்கே காங்கேயம். நடுரோட்டில் கொஞ்ச நேரம் முழித்தேன். பிறகு கிழக்கே விட்டேன்.

ஏழு மணிக்குப் பந்தல் வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே கூட்டத்துக்கு நடுவில் தனமும் தம்பியும். இருவர் கையிலும் ஆளுக்கொரு முனையாகக் கல்யாணப்பெண்ணின் கூறைச்சேலை. சீர் நடந்துகொண்டிருந்தது. அவள் வந்த காரியம் ஆயிற்று, அது போதும், திரும்பிவிடலாம் என்று கிக்கரில் காலை வைத்தேன். அதற்குள் வெள்ளை வேட்டியில் ஒருவர் விறுவிறுவென்று வந்தார். என் மாமனார். கிரீஸ் அப்பிய என் கைகளைப் பார்த்தார்.

"போல்ட்டு வந்துருச்சுங்களா, மாப்பிள்ளை?"

எந்த போல்ட் என்றே எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே வண்டிச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, "கையக் கழுவிட்டு வாங்க" என்று உள்ளே நடந்தார்.

அந்தச் சாவி அடுத்த வாரம்தான் என் கைக்கு வந்தது.