முகத்தை மூடும் ஈரத்துணி

தோள் நழுவினால், முழங்கை பிசகினால் ஊரே போய் நிற்பது எலும்புக்காரியின் வாசலில்தான். அவள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டை இழுப்பதற்கு முன், வந்தவர் முகத்தில் ஈரத்துணி ஒன்றைப் போட்டு மூடுவாள். கை நெருங்குவதைக் கண் பார்த்தால் உடம்பு இறுகும். இறுகினால் மூட்டு ஏறாது. அதில் வேறு மர்மம் எதுவும் இல்லை.

மலை தாண்டி வந்த உப்பு வியாபாரி ஒருவன் அவளிடம் தோளை ஏற்றிக்கொண்டு திரும்பினான். அவன் நாட்டில் பிணத்துக்கு மட்டுமே முகத்தை மூடுவார்கள். "முகத்தை மூடினாள், எழுந்து உட்கார்ந்தேன்" என்று நடந்ததைத்தான் சொன்னான். கேட்டவர்களுக்குச் செத்தவன் எழுந்த கதை கிடைத்தது. அதற்கடுத்த நாட்டில், உயிருக்கு உயிர் கொடுத்தாக வேண்டும் என்று நம்புகிறவர்கள் கதையோடு ஒரு விலையையும் சேர்த்தார்கள். விலை கொடுப்பது யார் என்று எந்தக் கதையும் கேட்பதில்லை.

இரண்டு நிலாக்களும் தேய்ந்திருந்த வாரம், காலையில், அந்த நாட்டுப் பிரபுவின் வண்டி அவள் வாசலில் நின்றது. சுற்றிலும் ஆறு வாள்கள். உள்ளே அவன் மகனின் பிணம். பக்கத்தில் கை கட்டப்பட்ட ஒரு சிறுமி. அவன் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். மொழிபெயர்க்க வந்தவன் அதே உப்பு வியாபாரி.

"அந்தப் பொண்ணு எதுக்குய்யா?"

வியாபாரி குரலைத் தாழ்த்தினான். "பையன் உசிருக்கு மாத்திக் குடுக்கக்கா."

"அடப்பாவி! எனக்கு எலும்புதான் தெரியும், செத்தவங்கள எழுப்பத் தெரியாதுன்னு சொல்லு."

சொன்னான். பிரபு புன்னகைத்தான்.

"பெரியவங்க அப்படித்தான் அடக்கமா பேசுவாங்களாம்க்கா."

சிறுமியின் கழுத்தில் கத்தி ஏறியது. எலும்புக்காரியின் கணவன் பின்னாலிருந்து முணுமுணுத்தான்: "வம்ப விலைக்கு வாங்காத. அவங்க ஊருப் பொண்ணு, அவங்க பாடு."

"கழுத்து நம்ம வாசல்லதானே அறுபடுது!"

துணியை நனைத்தாள். பிணத்தின் முகத்தை மூடி, பத்து வரை எண்ணி, எடுத்தாள்.

"பையன் வரலையாம். யாரோட உசிரும் வேண்டாம்னுட்டான். வேண்டாம்னு விட்ட உசிர எவன் தொட்டாலும் அவன் வீட்ல அடுத்த சாவு. சொல்லு."

வியாபாரி வியர்த்துக்கொண்டே சொன்னான். பிரபுவின் முகம் வெளிறியது. கத்தி இறங்கியது. உண்மையைச் சொன்னபோது சிரித்தவன், பொய்யைக் கேட்டுத் தலை வணங்கிவிட்டுப் போனான். சிறுமியை வாசலிலேயே விட்டுவிட்டான்.

பொய்யும் அந்த வண்டியிலேயே மலை ஏறியது.

நாற்பதாம் நாள் உப்பு வியாபாரி மூச்சிரைக்க ஓடி வந்தான். "அக்கா, அங்க கத மாறிப்போச்சு. ஒரு உசிர வேண்டாம்னு சொன்னா, நெறைய கொண்டு போகணுமாம்."

தெருக்கோடியில் புழுதி எழுந்தது. சிறுமி கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போனாள்.

"எத்தன பேரக் கட்டி வச்சிருக்காங்க?"

வியாபாரி இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினான்.

எலும்புக்காரி துணியைத் தண்ணீரில் முக்கினாள். அடுத்த பொய் இன்னும் அவள் வாய்க்கு வரவில்லை.