கிரீஸ் வைக்காத படகு

ஓய்வு பெற்ற பின், ரிமோட்டில் ஓடும் சிறிய மாதிரிப் பாய்மர மோட்டார் படகு ஒன்றைத் தனித்தனிப் பாகங்களாக வாங்கி, நான்கு மாதம் உட்கார்ந்து பூட்டினேன். பாயைத் தைத்ததும் மேல்மூடியைப் பொருத்தியதும் என் மனைவி.

ராசிபுரம் ஏரியில் விட்ட அன்று, சற்றுத் தூரம் போனதும் படகு பின்பக்கமாக மூழ்கியது. வேடிக்கை பார்த்தவர்கள் முன்னால், "ஒரு மூடிய ஒழுங்கா மூடத் தெரியுதா உனக்கு?" என்று அவளிடம் கத்தினேன்.

அங்கிருந்த, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி மெக்கானிக் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகை எடுத்து வந்தார். "மூடி இறுக்கமாத்தானுங்க இருக்குது. மோட்டார் தண்டு போற குழாய்ல கிரீஸே இல்லீங்க, அதுலதான் தண்ணி ஏறிருக்குது. ஆருங்க இதப் பூட்டுனது?"

பூட்டியது நான். எனக்குத் தெரியாததா என்று, செய்முறைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டியவனும் நான்தான்.

"நாந்தானுங்க. மறந்துபோட்டேன்," என்றாள் என் மனைவி.

"அட, உடுங்கம்மா. படகுதானுங்களே," என்று அவர் சிரித்தார். நான் படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் ஆகிறது. குழாயில் கிரீஸ் வைத்துவிட்டேன். மூடியை மட்டும் பொருத்தவில்லை. அதைப் பொருத்தித் தரும்படி அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.