வெளிச்சம் பட்ட குக்குறுவான் பொந்து

ஹட்டனில் காலை ஆறரை மணிக்கு மஸ்கெலியா பஸ்ஸைப் பிடித்தேன். நோர்வூட் தாண்டியதும் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா, எங்கே போகிறேன் என்று விசாரித்தார். குருவிக் கூடு பார்க்க என்றேன்.

"அதுக்கா பஸ் ஏறி வர்றீங்க? எங்க கூரைக்கு வாங்க, வாடகை குடுக்காம எத்தனையோ இருக்கு."

முன் இருக்கைக்காரர்களும் சிரித்தார்கள்.

நான் பார்க்கப் போனது மஞ்சள் நெற்றிக் குக்குறுவான். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. மைனா அளவு இருக்கும். உடம்பு இலைப் பச்சை. நெற்றியும் உச்சியும் மஞ்சள். கன்னமும் தொண்டையும் நீலம். தடித்த அலகால் மென்மையான மரத்தைக் குடைந்து, பொந்துக்குள் முட்டையிடும். குஞ்சு பொரித்ததும் ஆணும் பெண்ணும் மாறி மாறி இரை கொண்டுவரும். காட்டுப் பறவைதான், ஆனால் தேயிலைத் தோட்டத்து நிழல் மரங்களுக்கும் வரும். இறம்பொடையில் எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து அதன் குரலை நாள் முழுக்கக் கேட்கலாம். கூட்டை மட்டும் நான் பார்த்ததேயில்லை.

அக்கா வாழ்க்கைப்பட்டது மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில். லயத்துக்குப் பின்னால் முள்முருங்கையில் பொந்து இருக்கிறது, குஞ்சு கத்துகிறது என்று போனில் சொல்லியிருந்தாள். மச்சானுக்கு வாது வெட்டும் வேலை; தேயிலைக்கு வெயில் விழுவதற்காக நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பார். நான் போனபோது தலையெல்லாம் இலைத் துணுக்கோடு நின்றார்.

"வாங்க மாப்ள. நீங்க படிச்சவங்க, படம் எடுக்க வர்றீங்க. எல மறைச்சிக்கிட்டு இருந்துச்சு, விடியவே ஏறிக் கழிச்சி விட்டேன். இப்ப பளிச்சுனு தெரியும், பாருங்க."

தெரிந்தது. மொட்டை மரத்தில், நேர் வெயிலில், வட்டமான பொந்து. உள்ளே குஞ்சுகள் கத்தின. எதிர் மரத்தில் தாயோ தகப்பனோ, அலகில் பழத்தோடு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பொந்து வரை பறந்து வந்து, உட்காராமல் திரும்பியது. லயத்துக் கூரையில் ஒரு காகம் இருந்தது.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மச்சான், அந்த எலதான் அதுக்குக் கதவு."

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். கயிறு எடுத்து வந்து, வெட்டிய வாதுகளை மறுபடி மேலே ஏற்றி, பொந்தைச் சுற்றிக் கட்டினார். கீழே இருந்து எடுத்துக் கொடுத்த அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"விருந்தாளி வந்தா வீட்டக் கூட்டுவாங்க. இவரு மரத்தயும் கூட்டியிருக்காரு."

அடுப்படிக்குள் போய், கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தேத்தண்ணி ஆறிப்போனது. பறவை இரண்டு தடவை வந்தது. உள்ளே போகவில்லை. மத்தியானம் பனி இறங்கியபோது குஞ்சுகளின் சத்தம் மெலிந்திருந்தது. கடைசி பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று அக்கா அனுப்பிவைத்தாள். வழியெல்லாம் எனக்கு இதே நினைப்புதான்: எங்கள் லயத்தில் அந்தக் குரல் கேட்பதே எனக்குப் போதாமலா போயிற்று?

மறுநாள் சாயந்தரம் அக்கா போனில் கூப்பிட்டாள். கட்டிய இலை வாடிவிட்டது, வேலை விட்டு வந்த மச்சான் காகத்தை விரட்டியபடி மரத்தடியிலேயே நிற்கிறார் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப பொந்துல சத்தமே இல்லடா. அவருகிட்ட ஒண்ணும் கேக்காத."

மச்சான் போனை வாங்கினார். "படம் நல்லா வந்துச்சா மாப்ள?"

நன்றாக வந்திருக்கிறது என்றேன். நான் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை.