முக்கால் அங்குல எழுத்து

டெக்சஸில் நெடுஞ்சாலை ஓரமாக, அப்பா விட்டுப்போன பன் கடையை வெர்னன் ஜானெக் முப்பது வருஷமாக நடத்துகிறான். பன்னின் நடுவே குழி போட்டு ஆப்ரிகாட் ஜாம் வைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பேச்சுதான் வராது. பேசுவதெல்லாம் கல்லாவில் நிற்கும் மனைவி லவோன்.

வேலி போடும் வேலை பார்க்கிற ராய்ஸ் கடைக்கு வரத் தொடங்கிய பிறகுதான் அது ஒரு குறை என்று தெரிந்தது. பெண்டாட்டியை இழந்தவன். இடுப்பில் கைத்துப்பாக்கியோடு ஏழு மணிக்கு வந்து, ஒரு காப்பியை ஒரு மணி நேரம் குடிப்பான். லவோனின் சிரிப்பு அடுப்படியில் நிற்கும் வெர்னன்வரை கேட்கும். தன் பேச்சுக்கு அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. வெர்னனுக்கு வயிறு எரிந்தது. பச்சைப் பொறாமை, வேறொன்றுமில்லை.

வராதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். யோசித்து யோசித்து ஒரு வழி பிடித்தான். ராய்ஸ் சர்ச்சுக்குக்கூடத் துப்பாக்கியைக் கழற்றாமல் போகிறவன். துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று கதவில் போர்டு மாட்டினால் தானாக ஒழிவான். சொந்தக் கடை, எவன் கேட்பது? இப்படித் தடுக்கச் சட்டம் கேட்ட வாசகத்தை அப்படியே இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும் எழுதினான். கதவில் இடம் போதாமல் எழுத்தைக் கொஞ்சம் குறுக்கினான்.

மறுநாள் ராய்ஸ் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து, எல்லோரும் பார்க்க எழுத்தின் உயரத்தை அளந்தான்.

"முக்கால் அங்குலம்தான் இருக்குப்பா வெர்னன். ஒரு அங்குலம் இல்லாட்டி இது செல்லாது. அவ்வளவு ஏன், வெளிய போன்னு நீ வாயால சொன்னாலே போதும். இப்பவே போயிடுறேன்."

கடையே வெர்னனின் வாயைப் பார்த்தது. லவோனும் பார்த்தாள்.

"காப்பி ஆறுது, குடி" என்றான் வெர்னன்.

அந்த வாரமே ஜன்னலை மறைக்கிற அளவுக்கு ஒரு போர்டு வந்தது. காலைக் கூட்டத்தில் பாதி, ராய்ஸைப் போலவே துப்பாக்கி வைத்திருந்தவர்கள், கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள்.

"யாருக்காக இந்தக் கூத்து?" என்று கேட்டாள் லவோன்.

"என் கடை. என் இஷ்டம்."

மூன்று நாள் ராய்ஸ் வரவில்லை. வெர்னன் சீட்டியடித்தபடி மாவு பிசைந்தான்.

நாலாம் நாள் ராய்ஸின் வண்டி வந்து நின்றது. அவன் வெகுநேரம் இறங்கவில்லை. பிறகு இடுப்புப் பட்டையை அவிழ்த்து, துப்பாக்கியை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கழட்டிட்டியா?" என்றாள் லவோன்.

"உள்ள வரணும்னா வேற வழி?"

அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோய், குனிந்து காப்பி ஊற்றினாள். சிரித்திருந்தால் வெர்னன் பொறுத்துக்கொண்டிருப்பான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். ராய்ஸின் மனசு அன்றுவரை அவளுக்குத் தெரியாது. தெரியவைத்தது வெர்னன்.