ஐந்தருவியில் தலைமுழுகப்பட்டவள்

வாருங்கள், வந்து சாட்சியாக நில்லுங்கள்! கட்டுக்கதை என்று உதறிவிட்டு எழுந்து போகாதீர்கள். இது தென்காசியில், பட்டப்பகலில், ஒரு குடும்பத்தின் கண்முன்னே நடந்தது.

உச்சிமாகாளியின் கடைசி மகள் வேல்விழி. திருப்பூருக்கு வேலைக்குப் போனவள், அங்கே வேறு சாதியைச் சேர்ந்த முத்துராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அது ஒன்றே அவள் செய்த குற்றம்! அதற்காக, உயிரோடு இருக்கும் மகளுக்குச் சாவு முழுக்குப் போட்டார் தகப்பன். குடும்பத்தையே வேனில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய், ஐந்தருவியின் அடியில் ஒவ்வொருவராக நிறுத்தி, அவள் செத்துவிட்டதாகத் தலைமுழுக வைத்தார். மறுத்து நின்ற தாய் ஆனந்தவள்ளியைப் பிடரியில் கைவைத்துத் தண்ணீருக்குள் தள்ளினார். அதைப் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மகள் பார்த்துவிட்டாள் என்று உறுதியாகும்வரை காத்திருந்தார். அதன்பிறகே அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். மனைவியின் கைப்பேசியிலும் மகளின் எண்ணை பிளாக் செய்தார்.

ஓராண்டு கழிந்தது. ஆடிச் சாரல் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வாரந்தோறும் வரும் குடும்ப வீடியோ அழைப்பு. திரையில் மூன்று கட்டங்கள்: பட்டாளத்திலிருந்து மகன் இசக்கிதுரை, சென்னையிலிருந்து மூத்த மகள் ஸ்ரீதேவி, தென்காசி வீடு. ஆனந்தவள்ளியின் கண்கள், முன்பு வேல்விழி வரும் நான்காவது கட்டத்தையே தேடின.

“எம்மா, ஐந்தருவிக்கா போயிருக்கிய? ஒரே தண்ணி இரைச்சலா கேக்குது,” என்றான் இசக்கிதுரை.

“வீட்லதாம்யா இருக்கோம்.”

“எனக்குந்தான் கேக்குது,” என்றாள் ஸ்ரீதேவி.

அப்போது நான்காவது கட்டம் தானே திறந்தது. பெயர் இல்லை. எண் இல்லை. முதலில் வெறும் சாம்பல் நிறம்... பிறகு ஒரு பெண்ணின் பின்தலை. உச்சியில் நீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

“அவளத் திரும்பச் சேத்தது எவம்லே?” உச்சிமாகாளி உறுமினார்.

“நாங்க எப்படிப்பா சேக்க முடியும்? அட்மின் நீங்க ஒருத்தர்தான!” என்றாள் ஸ்ரீதேவி.

“முழுகின சனியன் முழுகினதுதான். கட் பண்ணுட்டி!”

அந்தத் தலை திரும்பியது.

வேல்விழி.

இமைக்கவில்லை.

“எம்மா... தல ஈரம் காயவே மாட்டேங்குது. துவட்டி விடும்மா...”

“இந்தா, துண்டு எடுத்துட்டு ஓடியாரேன்ட்டி!”

ஆனந்தவள்ளி உள்ளே பாய்ந்தாள். துண்டோடு வந்தபோது, உச்சிமாகாளி அழைப்பை அணைத்திருந்தார்.

இரைச்சல் நிற்கவில்லை.

சொட்... சொட்...

அவர் தலையிலிருந்து நீர் வடிந்தது.

மறுநாள் முத்துராஜ் பக்கத்து வீட்டு எண்ணுக்கு அழைத்தான். வேல்விழி வெள்ளிக்கிழமையே பிரசவத்தில் இறந்துவிட்டாள். சனிக்கிழமை தகனமும் முடிந்துவிட்டது. வலியெடுத்த நேரம் முதல் தாயின் எண்ணுக்கே அழைத்திருக்கிறாள். ஓர் அழைப்பும் போய்ச் சேரவில்லை.

ஆனந்தவள்ளி ஒன்றே கேட்டாள். “அவளுக்குத் தலைய நல்லாத் துவட்டுனியளாய்யா?”



“துவட்டிக்கிட்டேதான் இருந்தோம் அத்த... குளிப்பாட்டுததுக்கு முன்னாலயே தல நனைஞ்சு கெடந்துச்சு. சுடுகாட்டுல வைக்கது வரைக்கும் காயல.”

இதற்கு விளக்கம் என்னிடம் இல்லை. உங்களிடமும் நான் விளக்கம் கேட்கவில்லை. உங்கள் கைப்பேசியைக் கையில் எடுங்கள்! சாதிக்கு அஞ்சி நீங்கள் நீக்கிய பெயர் எது? அதை பிளாக்கிலிருந்து விடுவியுங்கள். அழையுங்கள். எடுத்துப் பேச அங்கே ஓர் உயிர் இருக்கும்போதே அழையுங்கள்!